ஒரு மைக்ரானும் இருநூறு மைக்ரானும்

இந்தியாவில் ஓட்டுப் போட்டவர்கள் அநேகமாக எல்லோரும் மைசூருவில் தயாரான ஒரு பூச்சைச் சில வாரமாவது உடம்பில் சுமந்திருக்கிறார்கள். இடது ஆள்காட்டி விரலில் வைக்கும் அந்த மை, பன்னிமண்டபத்தில் இருக்கும் மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் தொழிற்சாலையில் செய்யப்படுவது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1937-ல் அதைத் தொடங்கிவைத்தபோது பெயர் மைசூர் லாக் அண்ட் பெயிண்ட் ஒர்க்ஸ். காட்டு மரங்களிலிருந்து வரும் அரக்குதான் அன்றைய மூலதனம். முத்திரை அரக்கு, வார்னிஷ், பெயிண்ட் என்று ஓடிக்கொண்டிருந்த ஆலைக்கு 1962 பொதுத் தேர்தலில் இந்த மை வந்து சேர்ந்தது. சூத்திரம் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துடையது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு மட்டும் 10 மில்லி குப்பிகள் 26 லட்சத்துக்கு மேல் போயின.

அதே 1937-ல், ஜெர்மனியின் லெவர்குசென் நகரத்தில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவும் பாலியூரித்தேன் என்ற புதிய பிளாஸ்டிக் குடும்பத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். வேலை பார்த்த ஆலையும் பேயர் கம்பெனியுடையதாக இருந்ததுதான், அப்போது ஐ.ஜி. ஃபார்பென் கூட்டு நிறுவனத்தில் சேர்ந்திருந்தது. ஆனால் பேயர் கம்பெனியின் நிறுவனர் குடும்பத்துக்கும் இவருக்கும் சொந்தபந்தம் எதுவும் கிடையாது.

இந்த இரண்டு 1937-களும் இன்றைக்குச் சந்தித்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பன்னிமண்டபத்திலிருந்து ஊருக்குள் இறங்கினால் அடுத்து வருவது மண்டி மொஹல்லா. சரக்கு வண்டி, ஆட்டோ, ஸ்கூட்டர், கைவண்டி எல்லாம் ஒரே சந்துக்குள் முட்டிக்கொண்டு நிற்கும் பகுதி. அங்கே ஏதாவது ஒரு டிங்கரிங்-பெயிண்டிங் பட்டறையில் அரை மணி நேரம் நின்றால் போதும், புது வண்டி வாங்கிய யாராவது ஒருவர் வந்து கேட்பார்: “பாய், பிபிஎஃப் ஒட்டலாமா, செராமிக் போடலாமா? எதைப் போட்டா கீறல் விழாது?”

இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன, ஒன்று மலிவு, மற்றது விலை கூடுதல் என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள். விற்பவர்களும் அப்படியே விற்கிறார்கள். உண்மையில் ஒன்று பருமனை நம்பி வேலை செய்கிறது, மற்றது வேதியியலை நம்பி. எந்தத் தொல்லைக்கு எது என்று தெரியாமல் காசு கொடுத்தால், கல்லடிக்குக் குடை பிடித்த கதையாகிவிடும்.

முதலில் எதைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்பதைப் பார்த்துவிடலாம்.

அம்பாசடர் காலத்து வண்டியைப் பாலிஷ் போட்டவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். வெள்ளை வண்டியைத் தேய்த்தால் துணி வெள்ளையாகும், நீல வண்டியைத் தேய்த்தால் துணி நீலமாகும். அன்றைக்கு நிறமும் பளபளப்பும் ஒரே பெயிண்டில் கலந்திருந்தன. தேய்க்கத் தேய்க்க நிறமே கரைந்து வரும். இன்றைய காரில் எந்த நிறத்தைத் தேய்த்தாலும் துணியில் வருவது வெறும் வெளுத்த மாவுதான். காரணம், நிறம் மேலே இல்லை. நிறத்துக்கு மேல் நிறமே இல்லாத ஒரு பூச்சு இருக்கிறது. பட்டறைகளில் அதற்குப் பெயர் க்ளியர் கோட், சிலர் க்ளியர் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

தகட்டிலிருந்து மேலே வந்தால், முதலில் துருவைத் தடுக்க மின்சாரத் தொட்டியில் முக்கி எடுத்த பூச்சு, சுமார் 20 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் மேல் பிரைமர், 30 முதல் 35. பிறகு நிறம், 12 முதல் 20 வரைதான். கடைசியாகக் க்ளியர் கோட், 35 முதல் 50. எல்லாம் சேர்த்தால் சுமார் 100 முதல் 125 மைக்ரான், அதாவது ஒன்றிரண்டு தலைமுடிப் பருமன். வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் சேர்மங்கள் இந்தக் க்ளியர் கோட்டுக்குள்தான் கலந்திருக்கின்றன. அது மெலிந்துபோனால் அடியிலுள்ள நிறத்துக்கும் பிரைமருக்கும் கூரை போய்விடும். பத்து வருடமான வண்டிகளின் கூரையில் சொறி பிடித்தமாதிரி வெளுத்து உரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கூரை போனதன் அடையாளம் அது.

நல்ல பட்டறையில் இந்தப் பருமனை அளக்க உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மீட்டர் வைத்திருப்பார்கள். இரும்புத் தகட்டின் மேல் வைத்தால் காந்தப் புலம், அலுமினியத்தின் மேல் வைத்தால் சுழல் மின்னோட்டம். இரண்டில் ஒன்றைக் கொண்டு, உலோகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அது சொல்லிவிடும். பானெட்டில் வைத்தால் 110 காட்டும். கதவில் வைத்தால் 118. பின் ஃபெண்டரில் வைத்ததும் 290 என்று குதித்தால் அந்த இடம் ஏற்கெனவே ஒரு தடவை பெயிண்ட் பார்த்தது. ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே புட்டி. பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் இந்த மீட்டரைப் பார்க்கலாம். பம்பரில் மட்டும் இது வேலைக்காகாது, அது பிளாஸ்டிக்.

இந்தக் க்ளியர் கோட்டுக்கு வரும் ஆபத்துகளில் முதலாவது கல்.

2023 மார்ச் 12-ல் பெங்களூரு - மைசூரு விரைவுச்சாலை திறந்துவைக்கப்பட்டது. 118 கிலோமீட்டர். பழைய ரோட்டில் மத்தூர் வடைக்கு நிறுத்தி, மண்டியாவில் நெரிசலில் ஊர்ந்து வந்த வண்டிகள் இப்போது மணிக்கு 100-ல் வருகின்றன. வேகம் இரண்டு மடங்கானால் கல்லின் அடி நான்கு மடங்காகும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முன்னால் போகும் லாரியின் டயர் ஒரு கிராம் எடையுள்ள சிறு ஜல்லியைக் கிளப்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அதில் போய் மோதினால் ஆற்றல் சுமார் 0.39 ஜூல். எண்ணாகப் பார்த்தால் அற்பம். மண்டி மொஹல்லாவை ஒட்டிய அசோகா ரோட்டில் புனித பிலோமினா தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் 175 அடி உயரம் நிற்கின்றன. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், அந்த உயரத்தில் முக்கால் பங்கு ஏறி, அங்கிருந்து அதே கல்லை பானெட்டின் மேல் போடுவதும் இதுவும் ஒன்றுதான். பழைய ரோட்டின் 50 கிலோமீட்டர் வேகத்துக்குப் பத்து மீட்டர் உயரம் போதும்.

இந்த அடியைத் தாங்கும் வழி ஒன்றுதான். கல் நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் தூரத்தைக் கூட்ட வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் சராசரி விசை பாதியாகும். கடினமான மெல்லிய க்ளியர் கோட் அமுங்கிக்கொடுக்காது, அதனால் உடைந்து தெறிக்கிறது. மேலே ரப்பர்போல் நெகிழும் தடிமனான ஒரு படலம் இருந்தால் அது அமுங்கி, அடியை அக்கம்பக்கத்துக்குப் பரப்பி, மறுபடி எழும்பிவிடும். பிபிஎஃப் என்று கடைகளில் சொல்லும் பெயிண்ட் காப்புப் படலம் செய்வது இதைத்தான். 150 முதல் 200 மைக்ரான் பருமனுள்ள பாலியூரித்தேன் படலம். தன் அடியில் இருக்கும் மொத்த பெயிண்டையும்விடத் தடிமன் அதிகம்.

இந்த யோசனை கார்க்காரர்களுடையது இல்லை. வியட்நாம் போரில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழல் இறக்கைகளை மணல் அரித்துக்கொண்டிருந்தது. இறக்கையின் நுனி நொடிக்கு 200 மீட்டருக்கு மேல் ஓடும். அந்த வேகத்தில் மணல் துகள் ஒவ்வொன்றும் உளிதான். 3எம் கம்பெனி ஒட்டும் பாலியூரித்தேன் படலத்தை இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டித் தீர்வு கண்டது. அங்கிருந்து பந்தயக் கார், பந்தயக் காரிலிருந்து பணக்காரர் கார், இப்போது தவணையில் வாங்கிய ஹேட்ச்பேக் வரை வந்துவிட்டது.

பாலியூரித்தேன் சங்கிலி ஒரு விசித்திரமான கட்டமைப்பு. கெட்டியான துண்டும் நெகிழும் துண்டும் மாறி மாறி வரும். கெட்டித் துண்டுகள் ஒன்றோடொன்று பிணைந்து முடிச்சாக நிற்க, நெகிழும் துண்டுகள் இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும். படலத்தின் மேல்பூச்சில் விழும் மெல்லிய கோடுகள் வெந்நீர் ஊற்றினாலோ வெயிலில் நிறுத்தினாலோ மறைந்துபோவதும் இதனால்தான். சூட்டில் சங்கிலிகள் நகர இடம் கிடைத்து, பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. இதைக் கடையில் செய்துகாட்டும்போது வித்தைபோல இருக்கும். பித்தளை பிரஷ்ஷால் தேய்ப்பார்கள், வெந்நீர் ஊற்றுவார்கள், கோடு காணாமல் போகும். சாவியால் ஆழமாகக் கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். சங்கிலியே அறுந்துவிட்டால் திரும்ப எதுவும் இல்லை.

வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: டிபியுவா, பிவிசியா? பிவிசி படலம் மலிவு. அது வளைந்துகொடுப்பது உள்ளே கலந்த மென்மையூட்டும் எண்ணெயால். வெயிலில் அந்த எண்ணெய் மெல்ல வெளியேறிவிடும், படலம் விறைத்து மஞ்சளித்து ஓரங்களில் தூக்கிக்கொள்ளும். டிபியு என்பது பாலியூரித்தேன். அதிலும் பென்சீன் வளையமுள்ள மூலக்கூறுகள் கலந்தவை வெயிலில் மஞ்சளாகும், அந்த வளையம் இல்லாத வகை ஆகாது. விலை வித்தியாசத்தில் பெரும் பங்கு இங்கேதான்.

இனி செராமிக். இதற்கும் விரல் மைக்கும்தான் நெருக்கம்.

மையில் இருப்பது சில்வர் நைட்ரேட். தோலில் பட்டதும் தோலின் உப்போடு வினைபுரிந்து சில்வர் குளோரைடாகி, வெளிச்சத்தில் கறுக்கும். பிறகு சோப்பு போட்டாலும் எண்ணெய் தடவினாலும் போகாது. மேல்தோல் செல்கள் தாமாக உதிரும்போதுதான் மையும் உதிரும், நகத்தில் பட்டது நகம் வளர்ந்தால்தான் போகும். அதாவது மை தோலின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை, தோலோடு சேர்ந்துவிட்டது.

செராமிக் பூச்சும் அப்படித்தான். குப்பியில் இருப்பது சிலிக்கான் சார்ந்த திரவம். பாலிசிலசேன் வகையும் உண்டு, சிலாக்சேன் வகையும் உண்டு. துணி சுற்றிய சிறு பஞ்சுக்கட்டையில் சொட்டுச் சொட்டாக விட்டு, பானெட்டை இரண்டடி இரண்டடியாகப் பிரித்துத் தடவுவார்கள். கரைப்பான் ஆவியாகும்போது தண்ணீரில் மிதக்கும் பெட்ரோல்போல வானவில் நிறம் ஓடும். அந்த நிறம் மங்கும் நேரம் பார்த்துத் துடைக்க வேண்டும். முந்தினால் பூச்சு வந்துவிடும், பிந்தினால் கறுப்புத் திட்டாகக் கெட்டியாகிவிடும், பிறகு பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். மீதி வேலையைக் காற்றின் ஈரப்பதம் பார்த்துக்கொள்ளும். ஈரத்தோடு வினைபுரிந்து, சிலசேன் வகையாக இருந்தால் கொஞ்சம் அம்மோனியா வாடையும் விட்டு, சிலிக்கா போன்ற வலைப்பின்னலாக இறுகும். முதல் நாள் தண்ணீர் படக் கூடாது என்று சொல்வது இந்த இறுக்கத்துக்காக.

இப்படி உருவாகும் படலத்தின் பருமன் ஒரு மைக்ரான். ரொம்பத் தாராளமாகப் போட்டால் இரண்டு. பிலோமினா கோபுரத்து முக்கால் உயரத்திலிருந்து விழும் கல்லுக்கு ஒரு மைக்ரான் ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 9ஹெச் என்ன? எனக்கு இந்தத் தொழிலில் பிடிக்காத விஷயம் இது ஒன்றுதான். வைரம் 10, இது 9, அப்படியென்றால் வைரத்துக்கு அடுத்தபடி என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார். விற்பவர் திருத்துவதில்லை. வைரத்துக்கு 10 கொடுப்பது மோஸ் அளவுகோல், கனிமங்களுக்கானது. 9ஹெச் என்பது பென்சில் அளவுகோல். கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த சாதாரண வரைபடப் பென்சில்களை மென்மையிலிருந்து கடினம் வரை வரிசையாக வைத்து, 45 டிகிரி சாய்த்துப் பூச்சின் மேல் தள்ளிப் பார்ப்பார்கள். வரிசையின் கடைசிப் பென்சிலாலும் கீறல் விழவில்லை என்றால் 9ஹெச். அந்தப் பென்சிலைக் கொண்டு ஜன்னல் கண்ணாடியைக் கீற முடியாது. சாமுண்டி மலையின் கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7, கண்ணாடியைக் கீறிவிடும். மைசூரு ரோட்டில் காரின் மேல் படியும் தூசியில் அந்தக் குவார்ட்ஸ் இருக்கிறது. பென்சிலுக்குத் தாங்கிய பூச்சு தூசிக்கும் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

பிறகு எதற்குத்தான் செராமிக்? தண்ணீருக்கும் அழுக்குக்கும்.

க்ளியர் கோட்டின் மேல் தண்ணீர் பரவி நிற்கும். செராமிக் போட்ட பரப்பின் ஆற்றல் குறைவு, அதனால் தண்ணீர் தன்னைத்தானே கட்டிப்பிடித்துக்கொண்டு முத்தாகத் திரளும். துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணத்தை அளந்தால் நல்ல பூச்சில் 100, 110 டிகிரி வரும். தாமரை இலையில் 150-ஐத் தாண்டும். இலையின் மெழுகு மட்டும் அதற்குக் காரணமில்லை என்றும், கண்ணுக்குத் தெரியாத நுண்மேடுகளின் மேல் துளி நுனிக்காலில் நிற்பதே காரணம் என்றும் 1997-ல் பான் பல்கலைக்கழகத்தின் வில்ஹெல்ம் பார்த்லொட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹுய்ஸும் விளக்கினார்கள். அந்த மேடுகளைக் காரில் உண்டாக்கலாம். ஆனால் முதல் தடவை துணியால் துடைத்ததும் நொறுங்கிவிடும். இலை உயிருள்ளது, மெழுகை மறுபடி சுரந்துகொள்ளும். பானெட்டுக்கு அந்த வசதி கிடையாது.

110 டிகிரியில் அழுக்கு ஒட்டாமல் போய்விடாது. ஆனால் தண்ணீர் ஊற்றினால் சுலபமாகக் கழன்று வரும். வண்டி கழுவும் நேரம் குறையும், தேய்ப்பதும் குறையும். அதுவே பெரிய லாபம்.

ஒரு சங்கடமும் உண்டு. முத்துமுத்தாக நிற்கும் தண்ணீரைத் துடைக்காமல் வெயிலில் விட்டால் ஒவ்வொரு முத்தும் ஒரு வளையமாகக் காயும். அதே 1997-ல் சிகாகோவில் ராபர்ட் டீகனும் சகாக்களும் இதை ஆராய்ந்தார்கள், அவர்கள் எடுத்துக்கொண்டது காபித் துளி. துளியின் விளிம்பு ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும், ஆவியாதல் அங்கே அதிகம். இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் விளிம்புக்கு ஓடும், ஓடும்போது துகளையும் இழுத்துப்போய் அங்கே குவிக்கும். மேஜையில் சிந்திய காபி வட்டமாகக் காய்வது இப்படித்தான். காபித்தூளுக்குப் பதில் போர்வெல் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். காவிரித் தண்ணீரில் கழுவினால் இந்தத் தொல்லை குறைவு. உப்புத் தண்ணீர் வரும் தெருவில் காலை பத்து மணி வெயிலில் வண்டியைக் கழுவி அப்படியே விட்டுவிட்டு, “செராமிக் போட்டும் புள்ளி வருதே” என்று சண்டைக்குப் போவதில் பயனில்லை. செராமிக் போட்டதால்தான் அந்தப் புள்ளி இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. சுண்ணாம்புப் புள்ளியானால் நீர்த்த வினிகரில் போகும். சிலிக்காப் புள்ளி பிடித்துவிட்டால் பாலிஷ்தான், பாலிஷ் போட்டால் பூச்சும் போய்விடும். விரல் மைபோல, மேற்பரப்போடு சேர்ந்தது மேற்பரப்பு தேயும்போது தேய்ந்துவிடும்.

பறவை எச்சம் தனி விஷயம். குக்கரஹள்ளி, காரஞ்சி ஏரிகள் இருக்கும் ஊரில் இதைப் பற்றிப் பேசாமல் தப்பிக்க முடியாது. வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட மோசமானது எச்சத்தோடு வரும் செரிமான நொதிகள். 2009-ல் வெளிவந்த ஈரானிய ஆய்வு ஒன்றில், கணையத்திலிருந்து எடுத்த நொதிக் கலவை க்ளியர் கோட்டில் பறவை எச்சம் செய்வது போன்ற சேதத்தையே செய்தது. க்ளியர் கோட்டின் குறுக்குப் பிணைப்புகளைத் தண்ணீரால் பிளக்க நொதி உதவுகிறது. மத்தியான வெயிலில் பெயிண்ட் சூடேறி இளகியிருக்கும்போது இந்த வேலை வேகமாக நடக்கும். செராமிக் போட்டிருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், அவ்வளவே. படலம் ஒட்டியிருந்தால் அரிப்பது படலத்தை, பெயிண்டை அல்ல. வாட்டர் பாட்டிலும் ஒரு துண்டுத் துணியும் டிக்கியில் வைத்திருந்து, ஊறவிட்டு ஒற்றி எடுப்பவருக்கு இரண்டுமே தேவைப்படாது.

தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் காலையில் வண்டி பிசுபிசுக்கும். மரம் கசிவதாக நினைப்போம், பெரும்பாலும் சாறு உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் சர்க்கரைப் பாகு அது. அரக்குப் பூச்சியும் இதே கூட்டத்தைச் சேர்ந்தது. தாய்லாந்தில் அரக்குப் பூச்சியைப் பெரும்பாலும் தூங்குமூஞ்சி மரத்தில்தான் வளர்க்கிறார்கள். அது தன் உடம்புக்குப் பாதுகாப்பாகச் சுரந்து மூடிக்கொள்ளும் பிசினைச் சுரண்டி எடுத்துத்தான் மனிதன் மேஜைக்கும் நாற்காலிக்கும் முத்திரைக்கும் பூசினான். பன்னிமண்டபத்து ஆலை அந்தப் பிசினில்தான் பிழைப்பைத் தொடங்கியது.

எது ஒட்டினாலும் எது பூசினாலும் முழுதாகத் தடுக்க முடியாத எதிரி ஒன்று உண்டு: காய்ந்த துணி. தசராவில் ஆயுத பூஜையன்று மண்டி மொஹல்லாவைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டிக்கெல்லாம் குளியல், பொட்டு, மாலை. சந்தனத்தைக் குழைத்து பானெட்டில் மூன்று கோடு இழுத்து, நடுவில் குங்குமம் வைப்பார்கள். மறுநாள் விஜயதசமி ஊர்வலம் சயாஜி ராவ் ரோடு வழியாகப் பன்னிமண்டபம் போய்ச் சேர்ந்த பிறகு, காய்ந்து பொருக்காகிவிட்ட சந்தனத்தையும் இரண்டு நாள் தூசியையும் சேர்த்துக் காய்ந்த துணியால் ஒரே இழுப்பு. தூசியில் குவார்ட்ஸ், கையில் அழுத்தம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம். ராத்திரி தெருவிளக்கடியில் கறுப்பு வண்டியைப் பாருங்கள், விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வட்டவட்டமாகக் கோடுகள் மின்னும். உண்மையில் கோடுகள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் கண்ணுக்கு ஒளியைத் திருப்புகின்றன, அதனால் வட்டமாகத் தெரிகிறது. விளக்கு நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும்.

செராமிக் போட்டதும் வண்டி கண்ணாடிபோல ஜொலிப்பதன் ரகசியமும் இங்கே இருக்கிறது. பூச்சுக்கு முன்னால் பஃபிங் மெஷின் வைத்து இந்தக் கோடுகளை மட்டமாக்கிவிடுகிறார்கள். பளபளப்பு அந்தப் பாலிஷில் வந்தது, புகழ் செராமிக்குக்குப் போகிறது. ஒவ்வொரு கனமான பாலிஷுக்கும் க்ளியர் கோட்டிலிருந்து சில மைக்ரான் கழியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 40 மைக்ரான் வைத்திருப்பவர் வருடா வருடம் கட்டிங் பாலிஷ் போட்டால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பட்டறைக்காரர்களின் நுரையீரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிங்கரிங் முடிந்து அடிக்கும் க்ளியரில் கலக்கும் ஹார்ட்னரும் பாலியூரித்தேன் குடும்பம்தான். அதிலுள்ள ஐசோசயனேட் பெயிண்டர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமா வரவழைக்கும் முக்கியப் பொருள்களில் ஒன்று. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஸ்பிரே அடிப்பவரைப் பார்க்கும்போது, வண்டியின் தோலுக்கு நாம் செலவழிப்பதில் ஒரு சிறு பங்காவது நல்ல முகமூடிக்குப் போகக் கூடாதா என்று தோன்றும். ஒட்டும் படலத்தில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே வேதிவினை முழுவதும் ஆலையிலேயே முடிந்துவிட்டது.

“பிலிம் ஒட்டினா போலீஸ் பிடிப்பாங்களா?” என்றும் கேட்கிறார்கள். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு பிலிமுக்கு. உடம்பில் ஒட்டும் நிறமற்ற படலம் அதில் வராது. வண்டியின் நிறத்தையே மாற்றும் படலம் ஒட்டினால் மட்டும் ஆர்சி புத்தகத்தில் மாற்ற வேண்டிவரும்.

எனவே பாயிடம் கேட்ட கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வாரா வாரம் பெங்களூருக்கு விரைவுச்சாலையில் போய்வருபவர் பம்பர், பானெட், முன் ஃபெண்டர், கண்ணாடி மூடிகள், கதவுப் பிடிக்குழிகள் ஆகியவற்றுக்கு மட்டும் டிபியு படலம் ஒட்டிக்கொள்ளலாம். கல் வருவது முன்னாலிருந்துதான். முழு வண்டிக்கும் ஒட்டினால் செலவு லட்சத்தைத் தொடும், அதில் ஒரு பங்கு கூரைக்கும் டிக்கிக்கும் போகும், அங்கே கல் அடிப்பதே அபூர்வம். மீதி இடத்துக்குச் செராமிக் போதும். வேண்டுமானால் படலத்தின் மேலேயே செராமிக் போடலாம், இரண்டுக்கும் பகை இல்லை. ஊருக்குள் மட்டும் ஓடி, நிழலில் நின்று, வாரம் ஒருமுறை இரண்டு வாளித் தண்ணீரில் கழுவப்படும் வண்டிக்குச் செராமிக்கூட ஆடம்பரம்தான், நல்ல மெழுகு போதும். பிரேசில் நாட்டுப் பனை இலையிலிருந்து வரும் கார்னாபா மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். சில வாரத்தில் கரைந்துபோகும், மறுபடி பூசிக்கொள்ளலாம்.

சந்தில் நிறுத்தும் வண்டிக்குக் கதை வேறு. அங்கே எதிரி ஜல்லிக்கல் இல்லை. பக்கத்தில் நுழைந்து போகும் ஸ்கூட்டரின் பிரேக் லீவர், காய்கறிக் கூடை, எதிர்ச்சுவரில் இடிக்கும் கதவு விளிம்பு. லீவர் கிழிப்பதைச் செராமிக் தடுக்காது, படலம் ஓரளவு தாங்கும். கதவு விளிம்புக்கு மட்டும் ஒரு விரல் அகலத்தில் படலப் பட்டை கிடைக்கும், சில நூறு ரூபாய். முழு வண்டிக்கும் படலம் ஒட்டும் யோசனையை விட்டுவிட்டு இதை முதலில் செய்யலாம்.

ஒட்டுவதற்கு முன் மீட்டரை எடுத்து எல்லாப் பக்கமும் ஒரு சுற்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 290 காட்டும் பக்கத்தில் தயங்க வேண்டும். ஆலையில் 130, 150 டிகிரியில் வெந்து இறுகிய பெயிண்டின் பிடிப்பு பட்டறை பெயிண்டுக்கு வராது. புதிதாக அடித்த பெயிண்டிலிருந்து கரைப்பான் வெளியேறச் சில வாரமாவது ஆகும், அதற்குள் படலம் ஒட்டினால் அடியில் கொப்புளம் எழும். சில வருடம் கழித்துப் படலத்தை உரிக்கும்போது, பசையின் பிடிப்பு பெயிண்டின் பிடிப்பைவிட வலுவாக இருந்தால் பெயிண்டும் சேர்ந்து உரிந்து வரும். உரிப்பவர் ஹீட் கன் காட்டிப் பசையை இளக்கி, படலத்தைத் தன் பக்கம் தூக்கி இழுக்காமல் பரப்போடு படுக்க வைத்து மெதுவாக இழுத்தால் ஆபத்து குறையும். ஒட்டும்போதும் வண்டியின் மேல் வைத்தே பிளேடால் வெட்டுகிறார்களா, கம்ப்யூட்டரில் அளவெடுத்து முன்பே வெட்டிக் கொண்டுவருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். க்ளியர் கோட் 40 மைக்ரான்தான், அனுபவசாலியின் கையானாலும் பிளேடு அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டு இறங்குவதில்லை.